மஞ்சள் நூலில் தைத்த பட்டன்

சூடக்கா என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது அரசாங்கக் காகிதங்களில் சும்மா கிடந்ததே தவிர, ஒருவர் வாயிலும் வந்ததில்லை. சலவைக் கடையில் இஸ்திரிப் பெட்டி பிடிக்கிற கை எந்நேரமும் சூடாக இருக்கும். வாய் அதைவிடச் சூடு. ஒருமுறை பெரிய அதிகாரி ஒருவர் கால்சட்டை மடிப்பு கோணலாக இருக்கிறதென்று நேரிலேயே வந்து கத்தினார். "மடிப்பு நேராத்தான் சார் இருக்கு. நீங்க கொஞ்சம் நேரா நின்னு பாருங்க" என்றாள். சிரிப்பதா, கோபப்படுவதா என்று புரியாமல் அவர் நடையைக் கட்டினார். பட்டம் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

அம்மா போனபோது தம்பிக்குச் சரியாகப் பேச்சுகூட வரவில்லை. அக்காவுக்கே பள்ளிக்கூடத்துப் பின்னல் அவிழாத வயசு. இந்தக் கடையில் அழுக்குத் துணி பிரிக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். துணி மூட்டைக்குப் பக்கத்திலேயே தம்பியைத் தூங்கப் போட்டு வளர்த்தாள். பெண் பார்க்க வந்தவர்கள், "தம்பியை எங்க விடுவ?" என்று கேட்டார்கள். "அவனை விடறதுக்கு இல்லீங்க, உங்களைத்தான் விடணும்" என்று வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். அதற்காக வருத்தப்பட்டதாக யாரிடமும் சொன்னதில்லை.

அந்தத் தம்பிதான் வளர்ந்து, வண்டி ஓட்டப் படித்து, அரசாங்க வண்டிக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்து, கடைசியில் நாட்டுத் தலைவரின் வண்டி வரிசைக்கே போய்விட்டான். ஒரே மாதிரி இரண்டு கறுப்பு வண்டிகள். முன்னால் போவது தலைவர் ஏறும் பெரிய வண்டி. பின்னால் காவலர்கள் ஏறும் வண்டி. இரண்டுக்கும் இரண்டு டிரைவர்கள், முறைவைத்து மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். ஒருவன் தம்பி. இன்னொருவர் சலவைக் கடை இருந்த கட்டடத்திலேயே மாடியில் குடியிருந்த மீசை. மீசை என்பது அவர் முகத்தில் பாதி. மீதியைப் பார்த்தவர் அவர் மனைவி மட்டும்தான். அவள் நர்ஸ், பெரிய ஆஸ்பத்திரியில் வேலை.

தலைவர்மேல் சூடக்காவுக்குப் பாசமும் இல்லை, பகையும் இல்லை. அவர் பேசினால் ரேடியோவில் பாட்டு நின்றுபோகும். அந்தக் கோபம் மட்டும் உண்டு. ஆனால் அவர் வண்டியை ஓட்டுகிறவர்களின் வெள்ளைச் சட்டைகள் அவள் கையில்தான் வெளுத்தன. ஆளுக்கு இரண்டே சட்டை, அரசாங்கம் கொடுத்தது. எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே அளவு. மாறிப்போகாமல் இருக்க, காலருக்கு உள்பக்கம் சிவப்பு நூலால் அடையாளம் போடுவாள். முதலாளி நம்பர் குத்துகிற முத்திரை வாங்கி வந்தும் அவள் அதைத் தொடவில்லை. தம்பி சட்டையில் ஒரு நட்சத்திரம். மீசை சட்டையில் மீசை மாதிரியே ஒரு வளைவு. "எங்க வீட்டுக்காரரை விட இதுதான் அழகா இருக்கு" என்று நர்ஸ் சிரிப்பாள்.

அன்று காலை தம்பி சட்டை வாங்கக் கடைக்கு வந்தான். சூடக்கா இஸ்திரி போட்டபடியே ஆரம்பித்தாள்.

"ஊரு சரியில்லடா. போன வாரம் மந்திரி வீட்டு வாசல்ல குண்டு. நீ அந்தக் கறுப்பு வண்டியைக் கட்டிக்கிட்டு அழு."

"அக்கா, தலைவரே இவ்வளவு பேசமாட்டார்."

"வேலையை விட்டுத் தொலைடா."

"விட்டுட்டு?"

"வாடகை வண்டி ஓட்டு. கல்யாணம் பண்ணு. உருப்படற வழியைப் பாரு."

"முதல்ல நீ பேச்சை விடு, அப்புறம் நான் வேலையை விடறேன்" என்று சிரித்தான். அவளுக்கு ஏறிவிட்டது. பெட்டியைக் காலர்மேல் வைத்தபடி, இன்னொரு கையை நீட்டி, அவன் சின்ன வயசிலிருந்து செய்த அத்தனையையும் எடுத்துவிட ஆரம்பித்தாள். கருகல் வாசனை வந்த பிறகுதான் கை நின்றது. தூக்கிப் பார்த்தால் காலர் முழுக்கப் பழுப்பு. நட்சத்திரமும் சேர்ந்து கருகிக் கிடந்தது.

இத்தனை வருஷத்தில் அவள் கையில் ஒரு துணி தீய்ந்தது அதுதான் முதல் தடவை. தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அவனுடைய இன்னொரு சட்டை சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. நேரமோ ஓடிக்கொண்டிருந்தது. அலமாரியில் மீசையின் சட்டை மடித்துத் தயாராக இருந்தது.

"இதைப் போட்டுட்டுப் போ. ஒரே அளவுதான், எவனுக்குத் தெரியப் போகுது? சாயங்காலம் துவைச்சு வச்சுடறேன்."

அதில் கழுத்துப் பட்டன் இல்லை. வெள்ளை நூல் தீர்ந்திருந்தது. ஊசியில் ஏற்கெனவே கோத்துக் கிடந்தது மஞ்சள் நூல், ஏதோ திரைச்சீலைக்குத் தைத்தது. அதையே வைத்து, அவன் கழுத்துக்கு நேராக நின்று பட்டனைத் தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "டை கட்டினா மறைஞ்சிடும்" என்றாள். "தலைவர் கேட்டா என்ன சொல்ல?" என்றான். "எங்க அக்கா சட்டையைக் கருக்கிட்டான்னு சொல்லு. சந்தோஷப்படுவார்."

அவன் போய்க் கொஞ்ச நேரத்தில் மீசை அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"அக்கா, சட்டை! இன்னைக்குப் பெரிய வண்டி என் முறை."

சூடக்காவின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. "காயலை. உக்காருங்க" என்றாள். அவருடைய இரண்டாவது சட்டை கொடியில் ஈரமாகத் தொங்கியது. முதலில் பெட்டியில் ஒட்டியிருந்த கருகலைச் சுரண்ட வேண்டியிருந்தது. பிறகு ஈரச் சட்டையைத் தேய்த்துத் தேய்த்தே காயவைக்க வேண்டியிருந்தது. மீசை கடிகாரத்தைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், எழுந்தார், உட்கார்ந்தார். கடைசியில் பாதி ஈரத்தோடு சட்டையை மாட்டிக்கொண்டு, பட்டன் போட்டபடியே ஓடினார். திருட்டு மறைந்தது என்று சூடக்காவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

மதியம் அந்தச் சத்தம் கேட்டது. இடி என்று நினைப்பதற்கு வானத்தில் ஒரு மேகமும் இல்லை. கொடியில் தொங்கிய துணியெல்லாம் ஒருதரம் ஆடி நின்றது. ரேடியோவில் பாட்டு நின்றது. ஆனால் தலைவர் பேசவில்லை. வேறு யாரோ பேசினார், குரல் நடுங்கியது. பாலத்தின்மேல் தலைவர் போன வண்டி வெடித்துவிட்டது. அதில் இருந்தவர் எவரும் பிழைக்கவில்லை. பின்னால் வந்த வண்டி தப்பியது.

பெரிய வண்டி மீசையின் முறை. அப்படியென்றால் பின்வண்டி தம்பி. சூடக்காவின் மனசு இந்தக் கணக்கைத்தான் முதலில் போட்டது. போட்ட உடனே வெட்கமாக இருந்தது. வெட்கம் இருந்தாலும் மூச்சு கொஞ்சம் இறங்கியது. பொய் சொல்வானேன், இறங்கத்தான் செய்தது.

நர்ஸ் மாடிப்படியில் இறங்கி வந்தாள். வந்தாள் என்று சொல்ல முடியாது, விழுந்து எழுந்து விழுந்தாள். இரவுப் பணி முடித்துத் தூங்கியிருந்தவள், தலைமுடிகூட முடியவில்லை. "இன்னைக்கு அவர் முறை அக்கா, அவர் முறை" என்பதைத் தவிர வேறு பேச்சே வரவில்லை. சூடக்கா அவளை இழுத்துத் துணி மூட்டைமேல் உட்காரவைத்து, தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணும் தெரியாம அழாத" என்று சொன்னாள். அது தனக்கும் சேர்த்துச் சொன்னது.

தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லவே வாய் கூசுகிறது. ஒரு முனையில் ஆண்களும் பெண்களும் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். மறுமுனையில் சிலர் மிட்டாய் கொடுத்தார்கள். நடுவில் நின்றவர்கள் அழுகிற பக்கம் திரும்பி அழுதுவிட்டு, இந்தப் பக்கம் வந்து மிட்டாய் வாங்கிக்கொண்டார்கள். கண்ணால் பார்த்தவர்கள் சொன்னது இது, மிகைப்படுத்தவில்லை. சலவைக் கடை முதலாளி சுவரில் இருந்த தலைவர் படத்துக்குக் கறுப்புத் துணி கட்டினார். மிட்டாய்க் கூட்டம் வந்ததும் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்தார். அழுகிற கூட்டம் வந்தது, மறுபடி திருப்பினார். கடைசியில் சலித்துப்போய் கழற்றி, துவைக்காத துணிக்கூடையில் போட்டார்.

பக்கத்தில் முடி வெட்டும் கடை வைத்திருந்தவனைக் கத்தரி என்பார்கள். தொழிலால் பாதி, வாயால் பாதி. அவன் சீப்பும் கையுமாக நடுத்தெருவில் நின்று தீர்ப்பு சொன்னான்: "டிரைவர்தான் வித்துட்டான். வெளிநாட்டுக்காரன் கிட்டே வாங்கிட்டு, வேணும்னே பாலத்துப் பக்கம் திருப்பியிருக்கான்." கூட்டம் தலையாட்டியது. சொன்னவனுக்குப் பாலம் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. சூடக்கா வெளியே வந்தாள். "வித்தவன் வண்டிக்குள்ளேயே உக்காந்து சாவானாடா? உன் நாக்கை முதல்ல வெட்டிக்க, அப்புறம் ஊரான் தலையை வெட்டு" என்றாள். கத்தரி வாயை மூடினான். மூடினது அவள் உள்ளே போகும்வரைதான்.

போன் எதுவும் வேலை செய்யவில்லை. சாயங்காலம் விமானங்கள் வந்தன, கூரையை உரசுகிற மாதிரி. ரேடியோவில் இன்னொரு புதுக் குரல்: அமைதியை நிலைநாட்ட நட்பு நாட்டுப் படைகள் வந்திருக்கின்றன, மக்கள் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டாம் என்று சொன்னதும்தான் எல்லோரும் கதவைச் சாத்தினார்கள். சன்னல் இடுக்கில் பார்த்தால், தெருவில் தெரியாத சீருடை, தெரியாத முகங்கள், தெரியாத மொழி. மதியம் "எவன் வந்தாலும் விடமாட்டோம்" என்று கத்திய பையன்கள் முதல் வண்டிக்குக் கையாட்டினார்கள். சிப்பாய்கள் பதிலுக்குக் கையாட்டவில்லை. பின்வண்டியில் இருந்தவர்களையெல்லாம் விசாரணைக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று பேச்சு வந்தது. சூடக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். அதனால்தான் தம்பி வரவில்லை. வந்தால் அடி வாங்கிய முகத்தோடு வருவான். வரட்டும். திட்டுவதற்குப் புதிதாக நிறையச் சேர்த்துவைத்திருந்தாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி எழுத்தர் ஒருவர் கடை வாசலில் வந்து நின்றார். பின்னால் ஒரு வெளிநாட்டுச் சிப்பாய். எழுத்தர் முகத்தில் ஈயாடவில்லை. பெரிய வண்டியில் இருந்தவர்களைப் பார்த்து அடையாளம் சொல்ல வழியில்லை என்றார். டிரைவர் சட்டையில் ஒரு துண்டு மட்டும் கிடைத்திருக்கிறது. உள்ளே சிவப்பு நூலில் ஏதோ குறி. டிரைவர்கள் சட்டையெல்லாம் இங்கேதான் வெளுக்கிறது என்று சொன்னார்களாம். சிப்பாய் ஒரு கண்ணாடித்தாள் பையை மேசைமேல் வைத்தான். இஸ்திரி மேசை, அதன்மேல் அந்தப் பை.

துண்டு மடங்கி இருந்தது. கரி படிந்திருந்தது. ஆனாலும் வளைவு தெரிந்தது. சிவப்பு நூலில் சின்னதாக ஒரு மீசை.

"மீசையோடது" என்றாள் சூடக்கா.

வாய் அதன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. வாசலிலேயே நின்றிருந்த நர்ஸ் அலறிய அலறலில் சிப்பாய்கூட ஓரடி பின்னால் நகர்ந்தான். தெருவிலிருந்து பெண்கள் ஓடிவந்து அவளைப் பிடித்தார்கள். எழுத்தர் பேனாவை எடுத்து, பெயரைச் சொல்லச் சொன்னார். முன்னும் பின்னும் பார்க்க வேண்டும் என்று சூடக்கா பையை எடுத்துத் திருப்பினாள். அது வெறும் பழக்கம். எந்தத் துணி வந்தாலும் திருப்பிப் பார்க்கிற கை அது.

மறுபக்கம் ஒரு பட்டன். பாதி உருகிய பட்டன். அதைப் பிடித்திருந்த நூல் மஞ்சள்.

எதிரே எழுத்தரின் வாய் அசைந்தது, எதுவும் கேட்கவில்லை. வாயில் நூலின் ருசி வந்தது, நேற்றுக் கடித்து அறுத்த அதே நூல். இல்லை, இது இல்லை, பெரிய வண்டி மீசையின் முறை, அவன் பின்வண்டி, பின்வண்டி தப்பியது என்று மனசு முட்டிக்கொண்டு நின்றது. அப்புறம்தான் மெல்லப் புரிந்தது. முறைக்காரர் நேரத்துக்கு வரவில்லை. அவரை இதே கடையில், இதே மேசைக்கு முன்னால், ஈரச் சட்டைக்காகக் காக்க வைத்தது யார்? தலைவர் கிளம்ப வேண்டும். கொட்டகையில் தயாராக நின்றவன் ஒருவன்தான். ஏறு என்றிருப்பார்கள்.

அந்த நிமிஷம் அவள் சும்மா இருந்திருக்கலாம். இதை நான் சொல்லியே ஆகவேண்டும். எழுத்தர் எழுதிக்கொண்டு போயிருப்பார். உலகத்துக்கு மீசை செத்திருப்பார், தம்பி விசாரணையில் இருந்திருப்பான். இன்னும் கொஞ்ச நாள் அவனுக்காகத் திட்டு சேர்த்துவைத்திருக்கலாம். அந்த ஆசை அவளுக்கு வரவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள். தரையில் நர்ஸ் புரண்டுகொண்டிருந்தாள்.

சூடக்கா மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். நர்ஸின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள்.

"அழாதடி. இது உன் புருஷன் இல்ல."

"அக்கா?"

"சட்டைதான் அவரோடது. உள்ளே இருந்தது என் தம்பி. நான்தான் மாத்திக் குடுத்தேன். இந்தப் பட்டன் நான் தைச்சது."

பிடித்திருந்த பெண்கள் கையை எடுத்துவிட்டார்கள். நர்ஸ் சந்தோஷப்படவும் தெரியாமல், அழுகையை நிறுத்தவும் தெரியாமல், சூடக்காவின் கையை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டாள். எழுத்தர் எழுதியதை அடித்துவிட்டு, மெதுவாக, "இறந்தவர் உங்களுக்கு என்ன உறவும்மா?" என்று கேட்டார். "நான் வளர்த்த பிள்ளை" என்றாள். அப்படியொரு கட்டம் அவர் காகிதத்தில் இல்லை.

சிப்பாய் பையைக் கேட்டுக் கையை நீட்டினான். அவள் தரவில்லை. அவன் மொழியில் ஏதோ சொன்னான், இரண்டு தரம் சொன்னான். பிறகு அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக்கொண்டு போனான். முரட்டுத்தனமாகச் செய்யவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

டிரைவர் விற்றுவிட்டான் என்ற பேச்சு அன்றோடு நின்றது. சொன்னவர்கள் யாரும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. கத்தரி மட்டும் ஒருநாள் கடை வாசலில் வந்து நின்றான். ஒன்றும் சொல்லாமல் போனான். யார் குண்டு வைத்தது என்பது இன்றுவரை தெரியாது. ரேடியோ மாதம் ஒரு பெயர் சொல்லும். பள்ளிக்கூடத்தில் வெளிநாட்டுப் படை முகாம் போட்டது. அவர்கள் சீருடை வெளுக்கிற வேலையை முதலாளி முதல் ஆளாகப் போய் வாங்கி வந்தார். தலைவர் படம் இருந்த ஆணியில் அவர்கள் கொடுத்த நாட்காட்டி தொங்கியது. மேசையில் பச்சைச் சீருடைகள் மலையாகக் குவிந்தன. சூடக்கா தேய்த்தாள். வாய் மட்டும் ஆறிப்போயிருந்தது. மடிப்பு கோணல் என்று யாராவது சொன்னால், "சரிங்க" என்று வாங்கிக்கொண்டாள். தெருவுக்கே அது பயமாக இருந்தது.

விசாரணை முடிந்து மீசையை விட்டார்கள். அவர் நர்ஸோடு கடைக்கு வந்தபோது முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. மீசையை மழித்திருந்தார்கள். அன்று போட்டுப் போன அதே சட்டை, அழுக்கேறிப் பழுப்பாக. வந்தவர் சூடக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

"லேட்டா போனேன்னு கண்டபடி திட்டினாங்க அக்கா. பின்வண்டியில ஏறுடான்னாங்க. தம்பி பெரிய வண்டியில உக்காந்திருந்தான். என்னைப் பார்த்துச் சிரிச்சான். டையை விலக்கி, பட்டனைக் காட்டிச் சிரிச்சான். எனக்கு ஒண்ணும் புரியலை."

சூடக்கா அவர் சட்டைக் காலரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க மட்டும் அன்னைக்கு என்னைக் காக்க வைக்கலைன்னா..." என்றார் அவர். நர்ஸ் அவர் முதுகில் கிள்ளினாள். மனிதர் நிறுத்தவில்லை, நன்றி அப்படிக் கண்ணை மறைத்திருந்தது. "உங்களாலதான் அக்கா நான் உயிரோட இருக்கேன். சாகற வரைக்கும் மறக்கமாட்டேன்."

"சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க" என்றாள் சூடக்கா. "அழுக்கா இருக்கு."

அவர் கழற்றிக் கொடுத்தார். பனியனோடு தெருவில் நடந்து போனார். நர்ஸ் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அவர்கள் போனதும் சூடக்கா காலரைப் பிரித்தாள். சிவப்பு வளைவு அப்படியே இருந்தது. அதன்மேல் விரலை வைத்தபடி நின்றாள். டையை விலக்கிக் காட்டிச் சிரித்தானாம். சிரித்திருப்பான், அவன் அப்படித்தான். அன்றுவரை வராத அழுகை அப்போது வந்தது, சத்தமாக, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி. "வேலையை விட்டுத் தொலைடான்னு சொன்னேனே, சும்மா சொல்லிட்டு இருந்திருக்கலாமே, பெட்டியைக் கீழ வச்சுட்டுச் சொல்லியிருக்கலாமே" என்று அந்தச் சட்டையிடம் கேட்டுக் கேட்டு அழுதாள்.

இன்னொரு கை மேசைமேல் இருந்தது. அதன் கீழே பெட்டி, பெட்டியின் கீழே யாரோ ஒரு சிப்பாயின் பச்சைச் சீருடை. கருகல் வாசனை வந்தது. புகை எழுந்தது. முதலாளி உள்ளேயிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தார். வாசனை அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. பெட்டியை அவள் தூக்கவில்லை.